எடைப்பிரிவை இறக்கினால் வருமானம் ஏறாது

இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் உடையுடன் ஓடி, உதடு வெடித்து, கண் குழிந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும் நிலையில் இன்னொரு குத்துச்சண்டை வீரரை இந்த வாரம் என்னிடம் அழைத்து வந்தார்கள். சொன்ன காரணம் வழக்கமானதுதான்: "ஒரு பிரிவு கீழே இறங்கினால் ஜெயித்துவிடலாம், ஜெயித்தால் பணம் வரும், டாக்டர்." விளையாட்டு மருத்துவராக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

தொழில்முறைச் சண்டையில் பணம் பார்வையாளரிடமிருந்து வருகிறது. மிகச் சிறிய பிரிவுகளுக்கு அந்தக் கூட்டம் பெரும்பாலும் சேர்வதில்லை. யு.எஃப்.சி. என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி அமைப்பின் 56.7 கிலோ பிரிவில் தொடர்ந்து 11 முறை பட்டத்தைத் தக்கவைத்த டெமெட்ரியஸ் ஜான்சன், அதை இழந்த சில மாதங்களிலேயே, 2018இல், வேறோர் அமைப்புக்குக் கைமாற்றப்பட்டார். பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பக்கியாவோவின் கதையோ இதற்கு நேர் எதிரானது. 1995இல் சுமார் 48 கிலோவில் தொடங்கிய அவர், 1999இல் எடை கூடியதால் ஃப்ளைவெயிட் என்ற சிறிய பிரிவின் பட்டத்தைத் தராசிலேயே பறிகொடுத்து, அந்தச் சண்டையில் நாக் அவுட்டும் ஆனார். அதன்பின் உடல் கேட்ட பிரிவுகளுக்கு ஏறி, மொத்தம் எட்டுப் பிரிவுகளில் பட்டம் வென்றார். அதுவரை குத்துச்சண்டை கண்டிராத வசூலை அள்ளிய ஃபிளாய்ட் மேவெதருடனான அவரது 2015 மோதல் நடந்தது 66.7 கிலோ பிரிவில். (எலும்பும் உயரமும் இடம் கொடுக்காமல் ஏறுவதும் ஆபத்துதான், அது தனியாகப் பேச வேண்டியது.)

தராசில் எடை வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. யு.எஃப்.சி.யில் ஊதியத்தில் 20 அல்லது 30 சதவீதம் எதிராளிக்குப் போய்விடும். 2022இல் அங்கே பட்டம் வைத்திருந்த சார்ல்ஸ் ஒலிவேரா அரை பவுண்டு கூடியதால் பட்டத்தை இழந்தார். மறுநாள் சண்டையில் வென்றும் அது திரும்பவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்துக்கு 100 கிராம் கூடியதில், உறுதியாகியிருந்த வெள்ளியும் போயிற்று. 2015இல் மணிலாவில், எடை குறைக்கும் முயற்சியில் சீனச் சண்டை வீரர் யாங் ஜியான் பிங் உயிரையே இழந்தார். அவருக்கு வயது 21.

பயிற்சியாளர்களே, பிரிவைப் போட்டிக்குச் சில மாதங்கள் முன்பே முடிவு செய்யுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைக்க வைக்காதீர்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரையைத் தொடவே வேண்டாம். அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது, பிடிபட்டால் ஆண்டுக்கணக்கில் வருமானமே இருக்காது. வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்குத் தலைசுற்றினாலோ, சிறுநீர் நின்றாலோ, எடை பார்க்கும் நேரம் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.