பிழை காட்டும் வரியும் தப்பு நடந்த வரியும்

பைதான் நிரல்மொழியில் முதன்முதலாகக் கிளாஸ் (தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் சேர்த்து வைக்கும் அச்சு) எழுதுகிறவர்களில் பலர் ஒரு டைப்எரரில் (TypeError, வகை பொருந்தாத பிழை) போய் முட்டிக்கொள்வார்கள். கணக்கு என்று ஒரு கிளாஸ், அதற்குள் இருப்பு என்று ஒரு மாறி. இன்புட் (input, தட்டச்சு செய்வதை வாங்கும் கட்டளை) வழியாக 500 என்று வாங்கி அதில் வைக்கிறோம். பத்து வரி தள்ளி, ஒரு மெத்தடில் (கிளாஸுக்குள் எழுதும் செயல்கூறு) அதோடு 100-ஐக் கூட்டும்போது நிரல் நின்றுவிடுகிறது. கூட்டல் வரியையே முறைத்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அந்த வரியில் தப்பே இல்லை.

பைதான் 3-இல் இன்புட் எதை வாங்கினாலும் ஸ்டிரிங்காகத்தான், அதாவது எழுத்துகளின் தொடராகத்தான் தரும். நமக்கு 500 ஓர் எண். பைதானுக்கு அது மூன்று எழுத்துகள். எழுத்தோடு எண்ணைக் கூட்ட மாட்டேன் என்கிறது. அப்படி மறுப்பது நல்லதுதான். கூட்டாமல் 2-ஆல் பெருக்கியிருந்தால் பிழையே வராது. 500500 என்று சத்தமில்லாமல் ஒரு விடை வந்து நிற்கும். ஒப்பிடுவதும் இதே கதை. ஸ்டிரிங்காக இருந்தால் 10-ஐவிட 9 பெரியது, முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கிறது.

ஆகவே மதிப்பை வாசலிலேயே மாற்றிவிட வேண்டும். கிளாஸின் இனிட் (__init__, பொருள் உருவாகும்போது ஓடுவது) மெத்தடில், இருப்பை வைக்கும் அதே வரியில் இன்ட் (int, முழு எண்ணாக மாற்றுவது) போட்டுவிடுங்கள். டைப் ஹின்ட் (மாறி என்ன வகை என்ற குறிப்பு) எழுதினால் போதாதா? போதாது. நிரல் ஓடும்போது பைதான் அதைச் சரிபார்ப்பதில்லை.

இன்ட்டுக்கும் சில குணங்கள் உண்டு. 12.5 ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) வந்தால் 12 ஆக்கிவிடும். ஸ்டிரிங்காக வந்தால் வேல்யூஎரர் (ValueError, மதிப்பு செல்லாது என்ற பிழை). முன்பின் இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும், 1,000-இல் உள்ள காற்புள்ளியைப் பொறுக்காது. வேடிக்கை என்னவென்றால், ௧௨ என்று தமிழ் எண்ணில் கொடுத்தாலும் 12 என்று எடுத்துக்கொள்ளும்! ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ செல்லாது. எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு அதைத் தசம இலக்கமாகக் கணக்கில் வைக்கவில்லை.

சரி, இன்ட் போட்டாயிற்று. இப்போது இதுவரை ஒழுங்காக ஓடிய பிரின்ட் வரி உடையலாம். கிளாஸிலிருந்து உருவான பொருளை அச்சிட நாம் எழுதும் எஸ்டிஆர் (__str__) மெத்தட் ஸ்டிரிங்கைத்தான் திருப்பித் தர வேண்டும். இருப்பு ஸ்டிரிங்காக இருந்தவரை அதை அப்படியே திருப்பித் தந்தது செல்லுபடியானது. இப்போது அது எண், எனவே மீண்டும் ஒரு டைப்எரர். அங்கே எஸ்டிஆரால் (str, ஸ்டிரிங்காக மாற்றுவது) சுற்றி அனுப்புங்கள், அல்லது எஃப்-ஸ்டிரிங்கில் (மதிப்பை உள்ளே பொதிக்கும் ஸ்டிரிங்) வையுங்கள்.

எந்த இடத்தில் எது இருக்கிறது என்று குழம்பினால், மதிப்பை ரெப்ர் (repr) போட்டு அச்சிட்டுப் பாருங்கள். வெறும் பிரின்ட்டில் எண், ஸ்டிரிங் இரண்டும் 500 என்றுதான் தெரியும். ரெப்ரில் ஸ்டிரிங் மேற்கோள் குறியோடு வரும்.