கூமரின்: கிரீமில் எப்போது பெயர் போட வேண்டும், கேக்கில் எவ்வளவு இருக்கலாம்?

காய்ந்த புல்லும் வெண்ணிலாவும் கலந்தாற்போல மணக்கும் வாசனைப்பொருளான கூமரினுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு. அழகுசாதனப் பொருட்களுக்கு 1223/2009, உணவுக்கு 1334/2008. முதலாவதில் கவலை தோல் ஒவ்வாமை பற்றியது, இரண்டாவதில் கல்லீரல் பற்றியது.

அழகுசாதனத்தில் கூமரினுக்குத் தடை இல்லை. ஆனால் தோலிலேயே தங்கும் கிரீம், லோஷன், பெர்ஃப்யூமில் 0.001 சதவீதத்தையும், கழுவிவிடும் சோப்பு, ஷாம்பூவில் 0.01 சதவீதத்தையும் தாண்டினால் உட்பொருள் பட்டியலில் அதன் பெயர் தனியாக வர வேண்டும். ‘வாசனைப்பொருள்’ என்று பொதுவாகப் போட்டால் போதாது.

தவறு நேர்வது பெரும்பாலும் கணக்கில்தான். வாசனைக் கலவையில் எவ்வளவு என்பதல்ல, விற்கும் பொருளில் எவ்வளவு என்பதே கணக்கு. 100 கிராம் லோஷனில் 0.5 கிராம் கலவை, அந்தக் கலவையில் கூமரின் 1 சதவீதம் என்றால் லோஷனில் 0.005 சதவீதம். பெயர் போட்டே ஆக வேண்டும். இதே அளவு ஷாம்பூவில் இருந்தால் வேண்டாம். இயல்பாகவே கூமரின் உள்ள டோங்கா என்னும் மரவிதையின் சாறு வழியாக வருவதையும் கூட்டிக்கொள்ளுங்கள். தனியாகச் சேர்க்கவில்லை என்பது விலக்காகாது. இப்படிப் பெயர் போட வேண்டிய வாசனைப்பொருட்களின் பட்டியலில் 2023-ல் புதிதாகச் சேர்ந்தவற்றுக்கு, சந்தைக்குப் புதிதாக வரும் தயாரிப்பு என்றால் 2026 வரையும், ஏற்கெனவே விற்பனையில் இருப்பது என்றால் 2028 வரையும் அவகாசம் தரப்பட்டது. கூமரின் பழைய பட்டியலிலேயே இருப்பதால் அதற்கு அந்த அவகாசம் கிடையாது.

உணவில் கூமரினை அப்படியே சேர்க்கக் கூடாது. பட்டை போன்றவற்றிலிருந்து இயல்பாக வருவதற்கு, கிலோவுக்கு மில்லிகிராமில், உச்சவரம்பு உண்டு: சாப்பாட்டுக்குப் பின் உண்ணும் இனிப்புகளுக்கு (டெசர்ட்) 5, கேக், பிஸ்கட் போன்றவற்றுக்கு 15, காலை உணவுத் தானியங்களுக்கு 20. பாரம்பரிய அல்லது பண்டிகைக்கால பேக்கரிப் பண்டமாக இருந்து, லேபிளிலும் பட்டை என்று குறிப்பிட்டிருந்தால் 50.

பட்டையில் ஒரு வகையான கேசியாவில் கிலோவுக்குச் சுமார் 3 கிராம் கூமரின் இருக்கலாம். ஒரு கிலோ கேக்கில் 10 கிராம் பட்டைத்தூள் போட்டால் 30 மில்லிகிராம். சாதாரண கேக்காக விற்றால் சட்டமீறல், பட்டைப் பெயர் தாங்கிய பண்டிகைப் பண்டமாக விற்றால் சரி. இந்த இடத்தில் சட்டம் உடம்பைவிட வழக்கத்துக்கே இடம் கொடுத்திருக்கிறது.

கடையில் தனியாக விற்கும் பட்டைத்தூளுக்கு இந்த வரம்பு இல்லை. ஆகவே அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வாங்குபவர்தான். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். 2 கிராம் கேசியா தூளிலேயே அது வந்துவிடும். இலங்கைப் பட்டையில் கூமரின் மிகச் சொற்பம். முழுப் பட்டையாக வாங்கினால் அடையாளம் எளிது: கேசியா தடித்த ஒற்றை அடுக்கு, இலங்கைப் பட்டை சுருட்டுபோல மெல்லிய பல அடுக்கு. தூளானபின் கண்ணால் பிரித்தறிய முடியாது.