குவாரி: கல்லுக்குரிய சொல், மணலுக்கு ஆகாது

கரூர் மாவட்டத்தில் க.பரமத்தி பக்கம் போய் "குவாரி எங்கே?" என்று கேட்டால், பாறையை வெடிவைத்துப் பிளக்கும் ஆழமான பள்ளத்தைக் காட்டுவார்கள். அதே மாவட்டத்தில் காவிரிக் கரைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டால், ஆற்றுக்குள் லாரி இறங்கப் போட்ட மண்பாதையைக் காட்டுவார்கள். முதல் இடத்தில் எடுப்பது கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள பாறை. எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வராது. இரண்டாவது இடத்தில் எடுப்பது வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல். வெள்ளம் வந்தால் கொஞ்சம் திரும்பும், அணை கட்டிவிட்டால் அதுவும் குறையும். இயல்பில் இவ்வளவு வேறுபட்ட இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, ஆற்றுக்குள் எப்படி இறங்கியது, அந்த இடத்தில் தமிழில் என்ன சொல்லலாம் என்று பார்ப்போம்.

'குவாரி' ஆங்கிலச் சொல். ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சு மொழியின் 'குவாரியேர்' என்பதிலிருந்து வந்தது. அதன் வேர் லத்தீனில் சதுரத்தைக் குறிக்கும் 'குவாட்ரும்'. கட்டடத்துக்கு வேண்டிய கல்லைச் சதுரமாகச் செதுக்கி எடுக்கும் இடம் என்பதே முதற்பொருள். லத்தீனில் நான்கு 'குவாத்துவோர்', வடமொழியில் 'சதுர்'. இரண்டும் ஒரே மூலத்தில் பிரிந்தவை. நாம் அன்றாடம் சொல்லும் 'சதுரம்' அந்தச் 'சதுர்' வழியில் வந்தது. ஆகவே சதுரமும் குவாரியும் தூரத்து உறவுக்காரச் சொற்கள். 'வாரி', 'வாருதல்' என்ற தமிழ்ச் சொற்களோடு ஒலி ஒத்திருப்பதால் குவாரியைத் தமிழ் வேரோடு சேர்த்துப் பொருள் சொல்லத் தோன்றலாம். தொடர்பு எதுவும் இல்லை.

சதுரமாக வெட்டும் இடம் என்று பொருள் தரும் சொல், கையில் எடுத்தால் விரலிடுக்கில் ஒழுகிவிடும் மணலுக்கு எப்படிப் பொருந்தியது? காரணம் அலுவலகக் கோப்பு. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் கட்டடக்கல், கிராவல், சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவற்றைச் 'சிறுகனிமம்' என்ற வகையில் வைத்தது. அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை 15-ஆம் பிரிவில் மாநிலங்களிடம் கொடுத்தது. அந்தப் பிரிவிலேயே 'குவாரி குத்தகை' என்ற தொடர் இருக்கிறது. 1959-இல் வந்த தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளும் அதே தொடரைக் கையாண்டன. நிலக்கரி, இரும்புத்தாது போன்ற பெருங்கனிமத்துக்குச் 'சுரங்கக் குத்தகை', கல்லுக்கும் மணலுக்கும் மண்ணுக்கும் 'குவாரி குத்தகை' என்று நிர்வாக வழக்கு நிலைத்துவிட்டது. 2003-இல் 38-ஏ விதி வந்து, மணல் எடுக்கும் உரிமை அரசுக்கு மட்டுமே என்று ஆனபோதும் பெயர் மாறவில்லை. 'அரசு மணல் குவாரி' என்று பலகை வைத்தார்கள்.

'கனிமம்' என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். இதில் உள்ள 'கனி' பழம் அல்ல. தோண்டும் இடம், சுரங்கம் என்று பொருள்படும் வடமொழிக் 'கனி' அது. இந்தியில் 'கனிஜ்' என்பதும் அதே வேர்தான். 'சிறுகனிமம்' என்பதில் உள்ள 'சிறு' அளவையோ பாதிப்பையோ சொல்லவில்லை. சட்டம் பிரித்த வகையை மட்டுமே சொல்கிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, 5 ஹெக்டேருக்குக் குறைந்த பரப்பு என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்று நெடுங்காலம் நடந்தது. 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

நிலத்திலிருந்து பொருள் எடுப்பதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. வினைக்கு வினை வேறுபாடு உண்டு. 'அள்ளுதல்', 'வாருதல்' இரண்டும் மேலே தளர்வாகக் கிடப்பதை எடுப்பது. நெல்லை அள்ளுகிறோம், சாணி வாருகிறோம். 'அகழ்தல்' ஆழமாகத் தோண்டுவது. அகழியும் அகழாய்வும் அதிலிருந்து வந்தவை. 'கல்லுதல்' என்றாலே குடைந்து தோண்டுதல். 'தொடுதல்' என்பதற்கும் தோண்டுதல் என்ற பழம்பொருள் உண்டு. 'தொட்டனைத்து ஊறும் மணற்கேணி' என்று குறள் சொல்வது அந்தப் பொருளில்தான். பாறைக்கு 'உடைத்தல்', 'வெட்டுதல்', 'பிளத்தல்'. ஆற்றங்கரை ஊர்களில் இன்றும் யாரும் "மணல் உடைக்கிறார்கள்" என்று சொல்வதில்லை, "மணல் அள்ளுறாங்க" என்றுதான் சொல்கிறார்கள். மாட்டுவண்டிக் காலத்தில் அது உண்மையும்கூட: மண்வெட்டியும் கூடையும் கொண்டு மேல்மணலை வாரினார்கள், அடுத்த வெள்ளத்தில் பள்ளம் தூர்ந்தது. பொக்லைன் வந்த பிறகு நடப்பது அகழ்தல். (பொக்லைன் என்பதும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர்தான், தோண்டும் எந்திரம் எந்த நிறுவனத்தினுடையது ஆனாலும் நம் ஊரில் பொக்லைன்தான்.) வாருதல் அகழ்தலாக மாறியதைக் 'குவாரி' என்ற சொல் காட்டாமல் மறைத்துவிடுகிறது. எனக்கு அந்தச் சொல்லோடு உள்ள முதல் வழக்கு இதுதான்.

கணக்காகவே பார்க்கலாம். மணல் வியாபாரத்தில் ஒரு 'யூனிட்' என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஒரு ஹெக்டேர் பரப்பில் 1 மீட்டர் ஆழம் எடுத்தால் 10,000 கன மீட்டர். சுமார் 3,530 யூனிட். 3 யூனிட் லாரியில் ஏற்றினால் ஏறக்குறைய 1,180 நடை. அதே ஹெக்டேரில் 4 மீட்டர் தோண்டினால் 14,000 யூனிட்டைத் தாண்டும். மேலிருந்து பார்த்தால் பரப்பு அதே ஒரு ஹெக்டேர்தான், எல்லைக்கல்லும் நகர்ந்திருக்காது. ஏமாற்று முழுவதும் ஆழத்தில்தான் நடக்கும். இன்னொன்றும் உண்டு. ஈர மணல் உப்பும். நூற்றுக்கு 5 பங்கு ஈரம் இருந்தாலே கன அளவு 20 முதல் 30 சதவீதம் கூடித் தெரியும். படுகையில் கெட்டிப்பட்டுக் கிடக்கும் மணலின் அளவும் லாரியில் அளக்கும் அளவும் ஒன்றாக இரா. நடைச்சீட்டை மட்டும் கூட்டி, படுகையில் எவ்வளவு போயிற்று என்று சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆழம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஆற்றுப் படுகையில் பள்ளம் தோண்டினால், பள்ளத்தின் மேற்புற விளிம்பில் தண்ணீர் அருவிபோல் விழும். விழும் வேகத்தில் விளிம்பு அரிக்கும். அரிப்பு மேலேறி, தோண்டாத பகுதியையும் தின்றுகொண்டே போகும். பள்ளமோ வருகிற மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே போகும் தண்ணீர் மணல் இல்லாமல் போவதால், அங்குள்ள கரையையும் படுகையையும் அரித்து எடுத்துக்கொள்ளும். ஆகையால்தான் பாலத்துக்கு ஒரு மைல் தள்ளி எடுத்தாலும் பாலத்துக்கு ஆபத்து என்பது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020 வழிகாட்டுதலில், பாலத்துக்கு மேற்புறம் பாலத்தின் நீளத்தைப்போல் 5 மடங்கு, கீழ்ப்புறம் 10 மடங்கு தூரம் விட வேண்டும்; எப்படியும் மேலே 250 மீட்டருக்கும் கீழே 500 மீட்டருக்கும் குறையக் கூடாது. ஆழம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய பாலம் சரிந்தது. அதே மாதம் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மணல் எடுத்ததும் ஒரு காரணம் என்று விவசாயிகள் அப்போதே சொன்னார்கள்.

கோடையில் ஆற்றில் ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்தவர்களுக்கு மீதி விளங்கிவிடும். மேலே காய்ந்த மணலை ஒதுக்கினால் முழங்கை ஆழத்தில் மணல் கறுத்து ஈரமாகும். இன்னும் ஒரு சாண் போனால் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் கசிந்து குழியின் அடியில் கூடும். முதலில் வருவது கலங்கல். தேங்காய்ச் சிரட்டையால் நாலு தடவை இறைத்து ஊற்றிவிட்டால் பிறகு ஊறுவது தெளிவாக இருக்கும். மணல் அடியோடு போய்க் களி தெரிகிற இடத்தில் இதே குழியைத் தோண்டினால் தண்ணீர் கசியாது, மேலே தேங்கி நிற்கும், அல்லது ஓடிப்போகும். காவிரிப் படுகையிலிருந்து ராமநாதபுரம் வரை போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கிணறுகளும் இந்த ஊற்றின் பெரிய வடிவம்தான். படுகை தாழ்ந்தால் கரையோரத்துக் கிணற்று நீரும் ஆற்றை நோக்கி இறங்கும். வாய்க்கால் தலைமதகு உயரத்தில் அந்தரமாக நிற்கும், தண்ணீர் அதன் கீழே ஓடும். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் மேலிருந்து வரும் மணலில் பெரும்பங்கு அணைக்குள் தங்கிவிடுகிறது. எடுத்த பள்ளம் தூர்ந்துவிடும் என்ற பழைய நம்பிக்கைக்குக் காவிரியில் இன்று இடம் மிகக் குறைவு.

பெயர் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்குச் 'சவுடு' என்ற சொல்லே சாட்சி. மேடு நிரப்ப, செங்கல் அறுக்க அள்ளும் மேல்மண்ணை நம் பக்கம் சவுடு என்பார்கள். ஊருக்கு ஊர் பொருள் மாறும். சவுடு எடுக்க என்று ஆற்றோரப் பட்டா நிலத்தில் அனுமதி வாங்கி, மேலே இரண்டடி மண்ணை ஒதுக்கிவிட்டு அடியில் உள்ள ஆற்று மணலை எடுத்தார்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதில் தலையிட்டது. சவுடு போன்ற வட்டாரப் பெயர்களில் அனுமதி தரக் கூடாது, மண்ணில் என்னென்ன கனிமம் எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்த பிறகே தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு சொல்லின் பொருளை வரையறுக்காமல் விட்டதால் போன மணல் எத்தனை லாரியோ!

இனித் தமிழ்ச் சொல். குவாரிக்குச் சில அகராதிகள் 'கற்சுரங்கம்' என்று தருகின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. சுரங்கம் என்றால் நிலத்துக்கு அடியில் குடைந்து போகும் வழி. நம் கல் எடுக்கும் இடமோ வானம் பார்த்த பள்ளம். தவிரவும் 'சுரங்கம்' வடமொழியின் 'சுருங்கா' வழி வந்தது. அதுவும் கிரேக்கத்தில் குழலைக் குறிக்கும் 'சிரிங்ஸ்' என்பதிலிருந்து வந்தது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கல்லுக்கு நம்மிடம் பழைய சொல் தயாராக இருக்கிறது: 'கல்லுக்குழி'. திருச்சி சந்திப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தின் பெயரே கல்லுக்குழிதான். 'கல்வெட்டாங்குழி' என்றும் சொல்வார்கள். கல் எடுத்து முடிந்து நீர் நிற்கும் பள்ளம் 'கல்குட்டை'. கல்லை உடைத்து நொறுக்கி வரும் எம்-சாண்டை 'நொறுக்கு மணல்' என்றால் அது கல்லுக்குழியின் பிள்ளை, ஆற்றின் பிள்ளை அல்ல என்பது தெரியும். 'செயற்கை மணல்' என்பதில் அந்தச் செய்தி இல்லை.

மணலுக்கு அண்டை மாநிலத்தையும் அண்டை நாட்டையும் பார்க்கலாம். கேரளத்தில் மணல் எடுப்பது 'மணல் வாரல்'. அங்கே 2001-இல் வந்த ஆற்றங்கரைப் பாதுகாப்புச் சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதாயினும், மணல் எடுக்கும் இடத்துக்குக் 'கடவு' என்ற நாட்டுச் சொல்லையே வரையறுத்து வைத்தது. கடவுக் குழு என்று குழுவும் உண்டு. இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் 'மணல் அகழ்வு' என்று எழுதுகின்றன. இரண்டும் நமக்கு வேண்டும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரக் கூடாது. அனுமதித்த ஆழத்துக்குள் மேல்மணலை எடுப்பது 'மணல் வாரல்' அல்லது 'மணல் அள்ளுதல்', எடுக்கும் இடம் 'மணற்கடவு'. அனுமதித்ததைத் தாண்டித் தோண்டுவது 'மணல் அகழ்வு'. கடவு என்பது கடவுச்சீட்டில் நாம் அன்றாடம் புழங்கும் சொல்தான், புதிதாகத் தோன்றாது.

குறைதீர் நாளில் மனு எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டை எழுத்தில் காட்ட வேண்டும். "மணல் குவாரியில் முறைகேடு" என்று எழுதினால் பதில் இரண்டு வரியில் வந்துவிடும். கிராமம், புல எண், அனுமதித்த பரப்பு, அனுமதித்த ஆழம், அகழ்ந்த ஆழம் என்று எழுதுங்கள். ஆழத்தை அளக்கக் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் (மட்டம் பார்க்க நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் நீண்ட குழாய்) போதும். தொடாத மணல்மேட்டில் ஒரு முளை அடித்து, குழாயின் ஒரு முனையை அதில் பிடியுங்கள். மறுமுனையைப் பள்ளத்தின் அடியில் நட்ட மூங்கிலில் பிடித்து, நீர்மட்டம் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். மூங்கிலில் அடியிலிருந்து குறி வரை உள்ள உயரத்தில், முளையில் மணலிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள உயரத்தைக் கழித்தால் வருவது அகழ்ந்த ஆழம். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் அளவு தப்பும்; முதலில் அதை வெளியேற்றிவிடுங்கள். தொடாத மேடு எங்கும் மிஞ்சவில்லை என்றால் பக்கத்துப் பாலத்தின் தூணைப் பாருங்கள்: முன்பு மணலுக்குள் புதைந்திருந்த பகுதி மேல்பகுதியிலிருந்து நிறம் மாறி, ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து இன்றைய மணல் வரை டேப் பிடித்து, தேதியோடு படம் எடுத்து மனுவுடன் இணையுங்கள்.