பல் கட்ட வரும்போது மாத்திரைப் பையும் வரட்டும்

கடவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, "வெளிய தெரியவா போகுது?" என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுவது எங்கள் நீலகிரிப் பக்கம் சகஜம். தேயிலைக் கொழுந்து நிறைய வரும் சமயத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் பஸ் ஏறிக் குன்னூர் வருவார்கள்? நியாயம்தான். ஆனால் பல் போன இடத்தில் எலும்பின் அகலம் முதல் ஓராண்டிலேயே பாதி வரை குறைந்துவிடலாம். பக்கத்துப் பல் காலி இடத்துக்குச் சாயும், எதிர்ப்பல் நீண்டு வரும். பிறகு இம்பிளான்ட் வேண்டுமென்றால் முதலில் எலும்புத் தூள் வைத்து மேடாக்க வேண்டியிருக்கும். செலவும் கூடும், மாதங்களும் கூடும். பிடுங்கும் அன்றே "அடுத்து என்ன டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.

இம்பிளான்ட் என்பது பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் ஒரு டைட்டானியம் திருகு. அதன் மேல்தான் பல் வடிவத் தொப்பியை மாட்டுவோம். எலும்பு அதை இறுகப் பற்ற கீழ்த்தாடையில் சுமார் 3 மாதம், மேல்தாடையில் 6 மாதம்கூட ஆகலாம். அந்தப் பிடிப்பைக் கெடுக்கக்கூடியவற்றை முன்பே கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையில் பெரும்பாதி.

"வேற ஏதும் வியாதி இருக்காம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்."

பையைத் திறந்தால் ஜவுளிக்கடைக் கவருக்குள் பாதி வெட்டிய அட்டைகள்: சுகர், பிரஷர், கூடவே வாரம் ஒன்று போடும் எலும்புத் தேய்மான மாத்திரை. "அது எலும்பு டாக்டர் குடுத்தது. பல்லுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

தாடையும் எலும்புதானே! அலென்ட்ரோனேட் போன்ற எலும்புத் தேய்மான மருந்து எடுப்பவர்களுக்கு, சிலசமயம் தாடைப் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகும். வார மாத்திரையில் இந்த அபாயம் குறைவு. புற்றுநோய்க்காக ஊசியாகப் போடுபவர்களுக்குப் பல மடங்கு அதிகம். எலும்புத் தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒரு தரம் போடும், அதே வகை ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசியோ பையிலேயே இருக்காது. வாயால் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர்கள், பல்லுக்காக அதைத் தாமாக நிறுத்தவே கூடாது. இதய டாக்டரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

சர்க்கரை விஷயத்தில் அன்று காலை எடுத்த அளவு எனக்குப் போதாது. மூன்று மாதச் சராசரி (HbA1c என்ற ரத்தப் பரிசோதனை) வேண்டும். அது 7 சதவீதத்துக்குப் பக்கம் என்றால் நிம்மதி. 8-ஐத் தாண்டினால் நான் தேதி கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி. பீடி, சிகரெட், வெற்றிலையோடு அடக்கும் புகையிலை எல்லாம் ஒரு வாரம் முன்பே நிற்க வேண்டும். இம்பிளான்ட் வைத்த பிறகு இரண்டு மாதமாவது தொடக்கூடாது. ஈறில் ரத்தமும் சீழும் இருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம்.

தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்கக் கோயம்புத்தூர் போகச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் எலும்பு இருக்கிறது என்பது அதில்தான் துல்லியமாகத் தெரியும். தையல் பிரிக்க 7 முதல் 10 நாளில் மறுபடி வரவேண்டும் என்பதால், மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபடும் ஐப்பசி, கார்த்திகையில், கீழிருந்து வருபவர்களுக்கு நான் தேதி வைப்பதில்லை.

மரத்துப்போக ஊசி மட்டும் போடுவதாக இருந்தால் அன்று காலை வயிறாரச் சாப்பிட்டு வாருங்கள். முடிந்து கிளம்பும்போது, இம்பிளான்ட் என்ன கம்பெனி, என்ன அளவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) என்ன என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள். நாளைக்குப் பிள்ளைகளோடு திருப்பூரில் போய் இருந்து, மேல் தொப்பி கழன்றால், அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.