முழுநேர வேலை, முழுநேரக் கல்லூரி: தூக்கத்துக்கு எங்கே நேரம்?

அக்டோபர் பாதி தாண்டியதும் சேலத்தில் உள்ள என் கிளினிக்கில் காய்ச்சல்காரர்களுக்கு நடுவே ஒரு தனிக் கூட்டம் தென்படும். வயது இருபதை ஒட்டி இருக்கும். காய்ச்சல் இருக்காது. மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்பார்கள். மஞ்சள் காமாலை என்றால் நல்லது, டைபாய்டு என்றாலும் பரவாயில்லை என்று நோயையும் அவர்களே தேர்ந்தெடுத்து வந்திருப்பார்கள். கல்லூரியில் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். சான்றிதழைக் காட்டினால் தேர்வு எழுத விடுவார்கள் என்று மூத்த மாணவர் யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்.

பொய்ச் சான்றிதழ் எழுதுவது தொழில் ஒழுங்கீனம் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. எனவே எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் உட்காரவைத்து, "எங்கே தம்பி வேலை?" என்று கேட்பேன். "வேலையா? படிக்கிறேன் சார்" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் உண்மை வெளியே வரும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை, லீ பஜாரில் மண்டிக் கணக்கு, இளம்பிள்ளைப் பக்கம் விசைத்தறி, பஸ் நிலையத்துக்கு அருகே ஜவுளிக்கடை, இரவில் உணவு டெலிவரி. பகுதி நேரம் என்று பெயர். மணிக்கணக்கைக் கூட்டினால் முழு ஆள் வேலை.

இவர்களைச் சோம்பேறிகள் என்று கல்லூரியிலும் சொல்கிறார்கள், வீட்டிலும் சொல்கிறார்கள். "எப்போது பார்த்தாலும் தூங்கி வழிகிறான் டாக்டர், சத்து ஊசி ஒன்று போடுங்கள்" என்று அம்மாக்கள் அழைத்து வருவதும் உண்டு. பையன் முந்தின நாள் எத்தனை மணிக்குப் படுத்தான் என்று கேட்டால் அம்மா அவன் முகத்தைப் பார்ப்பார். ஊசியால் ஆகக்கூடியது எதுவும் இங்கே இல்லை.

நேரத்தைத் திட்டமிடச் சொல்லும் அறிவுரைகள் இவர்களிடம் எடுபடாததற்குக் காரணம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். வேலைக்கு 48, வகுப்புக்கு 30, பஸ் பயணத்துக்கு 12, நாளுக்கு ஏழு மணி வீதம் தூக்கத்துக்கு 49. மொத்தம் 139. மீதி 29 மணி நேரம், அதாவது குளிக்க, சாப்பிட, படிக்க, ரேஷன் கடைக்குப் போக நாளுக்கு நான்கு மணி நேரம். தாளில் கணக்கு நேராகத்தான் வருகிறது. ஆனால் அந்த 49 மணி நேரம் ஒரே துண்டாகவும் இரவிலும் கிடைப்பதில்லை. காலை ஏழு மணிக்கு இரண்டு, மத்தியானம் ஒன்றரை, பஸ்ஸில் அரை என்று சில்லறையாகக் கிடைக்கிறது. வெளிச்சத்தில், வீட்டுச் சத்தத்தில், உடல் விழித்திருக்க விரும்பும் பொழுதில் தூங்குகிற தூக்கம் ஆழமும் குறைவு, நீளமும் குறைவு.

பழகிவிட்டது சார் என்பார்கள். இதைத்தான் நான் நம்புவதில்லை. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலம் உள்ளவர்களை இரண்டு வாரம் இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். முடிவில் அவர்களுடைய கவனமும் நினைவும் இரண்டு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் அளவுக்குத் தேய்ந்திருந்தன. தங்களுக்கு அவ்வளவு தூக்கக் கலக்கம் இல்லை என்றுதான் அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தூக்கம் குறையும்போது அது குறைந்திருக்கிறது என்று உணரும் அறிவும் சேர்ந்தே மழுங்குகிறது. படித்த பாடம் மனத்தில் படிவதும் தூக்கத்தில்தான் என்பதால், விடிய விடிய விழித்துப் படித்துவிட்டுத் தேர்வு அறையில் எழுத வராமல் உட்காருவதில் வியப்பில்லை.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல். சேலத்தின் வியாபாரக் காலமும் பருவத் தேர்வுக் காலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. தீபாவளியை ஒட்டிக் கொலுசுக்கு ஆர்டர் குவியும், ஜவுளிக்கடை நள்ளிரவு வரை திறந்திருக்கும், நவம்பரில் தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் அடுத்த தேர்வு. அப்போது கல்யாண முகூர்த்தங்கள், ஏற்காட்டில் சீசன். மலை மேல் விடுதி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே கீழே கல்லூரிக்கு வந்துபோகும் மாணவி ஒருத்தி தலைசுற்றல் என்று வந்தாள். இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான் காரணம் என்று அவளே முடிவு செய்திருந்தாள். இரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டு; இரத்தசோகை. காலையில் சாப்பிடாமல் கிளம்பி, மத்தியானம் டீயும் பன்னும், இரவு விருந்தினர்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சோறு. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன், சாப்பாட்டோடு டீ குடிக்க வேண்டாம் என்றும் சொன்னேன்; டீ இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. ஆனால் கோடை விழா நேரத்தில் அவளுக்கு விடுமுறை எழுதித்தரும் அதிகாரம் என்னிடம் இல்லை.

ஆகவே ஜூன், ஜூலையிலேயே முதலாளியிடம் பேசிவிட வேண்டும் என்பேன். தேர்வு நடக்கும் இரண்டு வாரத்துக்கு விடுப்பு, அதற்கு ஈடாகப் பருவ விடுமுறையில் முழு நாள் வேலை. பட்டறைக்காரர்கள் பலர் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். சீசன் நடுவே திடீரென்று கேட்டால்தான் மறுக்கிறார்கள். வருகைப் பதிவையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கலாம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள் வரை வராமல் இருக்க முடியும். அதில் பத்து நாளை உண்மையான காய்ச்சலுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு மீதியைத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களுக்குச் செலவழிக்கலாம். பெரும்பாலானவர்கள் ஆகஸ்டிலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறார்கள்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் சம்பளத்தை மட்டும் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேளுங்கள். இரவு பத்துக்குள் முடியும் வேலையில் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் அதுவே மேல். காலை ஷிப்ட், மதியம் ஷிப்ட் என இரண்டாக நடக்கும் கல்லூரிகளில் சேருபவர்கள், சேரும்போதே வேலைக்கு ஏற்ற ஷிப்டைப் பார்த்துக்கொள்ளலாம். இரவு வேலையைத் தவிர்க்கவே முடியாது என்றால், வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாறிக்கொண்டே இருப்பதைவிட நிலையான ஒரே நேரம் உடலுக்குச் சற்று இலகு. தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்றால் அதில் நான்கைந்து மணித் துண்டு ஒன்றாவது தினமும் ஒரே நேரத்தில் வரட்டும். அலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். காபி விளையும் மலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு காபியைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் குடித்த காபினில் பாதி உடலை விட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இருசக்கர வண்டி. காலை ஆறு மணிக்கு எழுந்து, கல்லூரி முடித்து, கடைக்குப் போய், இரவு பதினொன்றுக்கு வண்டியை எடுப்பவர் பதினேழு மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் ஒருவருடைய செயல்திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவருடைய நிலைக்கு இறங்குகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விதித்திருக்கும் வரம்பே 30 மில்லிகிராம்தான். குடிக்காத பையன், குடித்தவனைப் போல ஓமலூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கிறான். கண் சொருகினால் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் பங்க் ஓரமாக இருபது நிமிடம் தூங்கிவிட்டுப் போகலாம். முகம் கழுவுவது ஐந்து நிமிடத்துக்குக்கூடத் தாங்காது.

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டம் திருத்தப்பட்டது. இருந்தும், கால் வீங்கி வரும் பெண்பிள்ளைகளை ஒவ்வொரு தீபாவளிக்கும் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் முடியவில்லை என்றால் படிப்பை விடுவது ஒன்றே வழி அல்ல. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகமும் தொலைநிலைக் கல்வி நடத்தியிருக்கிறது. பெற்றோர் முகம் சுளிப்பார்கள், ரெகுலர் காலேஜ் என்றால்தான் அவர்களுக்கு மதிப்பு. பண இழப்பும் உண்டு: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் தொலைநிலையில் படிப்பவர்களுக்குக் கிடைக்காது, இலவச பஸ் பாஸும் போகும். அந்த இழப்பையும், பகலில் முழு வேலை பார்த்தால் கூடுதலாக வரும் சம்பளத்தையும் வீட்டாரோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இக்னோவில் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்டு முடிக்கலாம். ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை. மாறுவதானால் அரியர்கள் மலையாகக் குவிவதற்கு முன்பே, முதலாண்டு முடியும்போதே மாறிவிடுங்கள்.