வலது காதில் ஜான், இடது காதில் ரிங்கோ

ஒரே இயர்போனை இரண்டு பேர் பங்கு போட்டுக் கேட்கும் பழக்கம் உங்களுக்கு உண்டென்றால், இங்கிலாந்தின் பழைய பாப் குழுவான பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தை அப்படிக் கேட்காதீர்கள். சண்டை வரும். எங்களுக்கு வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி வலது பக்கத்தை எடுத்துக்கொண்டாள், இடது பக்கம் எனக்கு. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' ஆரம்பித்தது. "என்ன குரல்டா இது!" என்றாள். "எந்தக் குரல்?" என்றேன். எனக்கு டிரம்ஸும் கிட்டாரும் மட்டும்தான் கேட்டன. குரல் என்று சொன்னால், நாலு வீடு தள்ளி யாரோ கத்துவது போல ஏதோ லேசாகக் காதில் விழுந்தது. இயர்போன் போச்சு என்று நினைத்து இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். இப்போது ரிங்கோவின் டிரம்ஸ் அவளுக்கு, பாடுகிற ஜான் லெனான் எனக்கு.

இயர்போனில் கோளாறு ஒன்றும் இல்லை. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' என்ற அந்த ஆல்பத்தின் ஸ்டீரியோ வடிவமே, அதாவது இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு ஒலி தரும் வடிவமே, அப்படித்தான். பாடுகிறவர்கள் எல்லாரும் வலது பக்கம், வாசிப்பதெல்லாம் இடது பக்கம், நடுவில் வெறும் காற்று. ரொம்ப நாள் நான் இதை அந்தக் காலத்து ஃபேஷன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இப்படிக் கேட்கவேண்டும் என்று அதைப் பதிவு செய்தவர்கள் யாருமே நினைக்கவில்லை.

1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. லண்டனில் அபே ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோவின் இரண்டாம் எண் கூடம். ஆல்பத்துக்கு 14 பாட்டு வேண்டும். 4 பாட்டு ஏற்கெனவே சிங்கிள்களாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகளாக வந்தவை. மீதி 10 பாட்டையும் அந்த ஒரே நாளில், காலை பத்து மணிக்குத் தொடங்கி ராத்திரி பத்தே முக்கால் வரை, இடையில் சாப்பாட்டு நேரம் போக ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் முடித்தார்கள். லெனானுக்கு அன்று நல்ல ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டை அதனால்தான் கடைசிக்கு வைத்தார்கள். இரண்டு தடவை பாடினார். முதல் தடவை பாடியதுதான் தட்டில் இருப்பது.

தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடமும் பொறியாளர் நார்மன் ஸ்மித்திடமும் இருந்த டேப் இயந்திரத்தின் பெயர் பி.டி.ஆர். 'பிரிட்டிஷ் டேப் ரெக்கார்டர்' என்பதன் சுருக்கம், இ.எம்.ஐ.யே தயாரித்தது. அதில் இரண்டு தடம்தான் உண்டு. இன்று ஒரு சாதாரண லேப்டாப்பில் நூறு தடம் வைத்துப் பதிவு செய்யலாம். அன்று நாலு பேர், மூன்று குரல், இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், அவ்வப்போது ஒரு மவுத் ஆர்கன், எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டே தடம்.

தடம் என்றால் என்ன? டேப் என்பது இரும்பு ஆக்ஸைடு துகள் பூசிய பிளாஸ்டிக் நாடா. கால் அங்குல அகலம், அதாவது 6.35 மி.மீ. துருவின் தம்பிதான் இந்தத் துகளும், ஆனால் காந்தத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் உள்ளது. பதிவுத் தலை என்பது சின்ன மின்காந்த வளையம்; அதில் மயிரிழையை விட மெல்லிய ஓர் இடைவெளி. மைக்கிலிருந்து வரும் மின்சாரம் கூடக் குறைய, அந்த இடைவெளியில் காந்தப்புலமும் கூடிக் குறைந்து திசை மாறும். நாடா அதை உரசிக்கொண்டு ஓடும்போது துகள்கள் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். இப்படி நாடாவின் நீளத்துக்கு ஒலி பதியும் ஒரு பட்டைதான் தடம்; இரண்டு தடம் என்றால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டை. ஒலி நேரத்தில் நடந்தது, நாடாவில் அது நீளமாகிவிடுகிறது. நாடா நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓடினால், நொடிக்கு 1,000 தடவை அதிரும் ஒரு சுரத்தின் ஒவ்வோர் அதிர்வும் 0.38 மி.மீ. இடம் பிடிக்கும்.

நேரம் நீளமாகிவிட்டது என்றால் அதை வெட்டவும் ஒட்டவும் முடியும். ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்'. அது தொடங்கும் முன் பால் மெக்கார்ட்னி "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணுவாரே, அந்த எண்ணிக்கை ஒன்பதாவது டேக்கிலிருந்து (ஒன்பதாவது தடவை பதிந்ததிலிருந்து) வந்தது, பாட்டு முதல் டேக்கிலிருந்து வந்தது. எண்ணுவதற்கு ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால், சுமார் 57 செ.மீ. நாடா. ஒன்றேகால் முழம். பூக்காரம்மா அளப்பது போல அளந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அறுபது வருஷமாக ரசிகர்கள் சிலிர்த்துப்போகும் தொடக்கம் அது.

சரி, இரண்டு தடம் எதற்கு? ஸ்டீரியோவுக்கு என்று தோன்றும். அப்போது இங்கிலாந்தில் பாப் கேட்கும் பிள்ளைகளிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்த ரெக்கார்டு பிளேயர். ரேடியோவும் மோனோதான், எல்லாம் சேர்ந்த ஒரே ஒலி. ஸ்டீரியோ என்பது சாஸ்திரிய இசைத் தட்டு வாங்கும் பெரியவர்களின் சங்கதி. ஜார்ஜ் மார்ட்டின் இரண்டு தடத்தையும் பயன்படுத்தியது வேறு காரணத்துக்காக. குரலை ஒரு தடத்திலும் வாத்தியங்களை இன்னொன்றிலும் வைத்துவிட்டால், பிற்பாடு நிதானமாக உட்கார்ந்து, குரல் எவ்வளவு, இசை எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து ஒரே மோனோவாகக் கலக்கலாம். சமையலுக்கு முன் காயைத் தனியாகவும் மசாலாவைத் தனியாகவும் தட்டில் எடுத்துவைப்பது மாதிரி. நானும் தோழியும் பஸ்ஸில் ஆளுக்கொன்றாகப் பிடுங்கிக்கொண்டது அந்தத் தட்டைத்தான்.

இரண்டு தடமும் நிரம்பிய பிறகு இன்னொன்று சேர்க்க வேண்டுமானால்? ஓர் இயந்திரத்தில் ஓடவிட்டு, அதன் கூடவே கைதட்டியோ மவுத் ஆர்கன் வாசித்தோ, இரண்டையும் இன்னோர் இயந்திரத்தில் பதிவார்கள். இதற்கு ஒரு விலை உண்டு. டேப்பில் காந்தத்துகள்கள் ஒழுங்கில்லாமல் கிடப்பதால் எப்போதும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் இருக்கும். நகல் எடுத்தால் பழைய டேப்பின் இரைச்சலோடு புதிய டேப்பின் இரைச்சலும் சேர்ந்து இரட்டிக்கும், கணக்கில் 3 டெசிபெல் கூடும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவது போலத்தான். அதனால் இந்த ஆல்பத்தில் இப்படிச் சேர்த்தவை ரொம்பக் குறைவு, பெரும்பாலும் நாலு பேரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பாடி வாசித்ததுதான்.

சேர்த்தவற்றில் எனக்குப் பிடித்தது 'மிஸரி'யில் வரும் பியானோ. பிப்ரவரி 20 அன்று, பீட்டில்ஸ் யாரும் இல்லாதபோது, ஜார்ஜ் மார்ட்டினே உட்கார்ந்து வாசித்தது. பாட்டை நொடிக்கு 76 செ.மீ. வேகத்தில் பதிந்திருந்தார்கள். அதைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் எல்லாச் சுரமும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும், தாளமும் பாதியாகிவிடும். அந்தச் சோம்பேறிப் பாட்டோடு சேர்த்து அவர் நிதானமாகக் கீழ் ஸ்தாயியில் வாசிப்பார். மறுபடி முழு வேகத்தில் ஓடவிட்டால் பியானோ மேல் ஸ்தாயிக்கு ஏறி, இரண்டு மடங்கு விரைவாகி, மணி குலுங்குவது போல ஒலிக்கும். சுருதியும் வேகமும் டேப்பில் ஒட்டிப் பிறந்தவை, ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் வரும்.

இப்போது மறுபடி அந்த இயர்போனுக்கு வருவோம். இதே ஸ்டீரியோவை அறையில் இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால் அவ்வளவு உறுத்தாது. இயர்போனில் மட்டும் ஏன் தலை ஒரு பக்கம் இழுக்கிறது?

வலது பக்கம் ஒரு சத்தம் வந்தால் அது இடது காதுக்கும் போய்ச் சேரும், ஆனால் தலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதிகபட்சம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, சுமார் 0.6 அல்லது 0.7 மில்லி நொடி தாமதம். கூடவே தலை ஒரு மறைப்பாக நின்று சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 செ.மீ. என்பதால் தலை அதை நன்றாகவே மறைக்கும். 100 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் 3 மீட்டருக்கு மேல், அதற்குத் தலை ஒரு தடையே இல்லை. இந்தத் தாமதத்தையும் மறைப்பையும் வைத்துத்தான் மூளை சத்தம் எங்கே என்று கண்டுபிடிக்கிறது. ஸ்பீக்கரில் இந்தக் கணக்கு ஒழுங்காக நடக்கும். இயர்போனில் வலது பக்கச் சத்தம் இடது காதுக்குப் போவதே இல்லை. இயற்கையில் ஒரே காதில் மட்டும் கேட்கிற சத்தம் அபூர்வம். ராத்திரி காதோரம் ரீங்காரமிடும் கொசு ஒன்று, காதைப் பொத்தி ரகசியம் சொல்பவர் இன்னொன்று. ஆகவே மூளையின் கணக்குப்படி லெனான் அங்கே கொசு மாதிரி உட்கார்ந்து கத்துகிறார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மோனோவில் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வருவதால் குரலும் டிரம்ஸும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, அந்த முட்டலில்தான் இந்த ஆல்பத்தின் முரட்டுத்தனம் இருக்கிறது. என் ஓட்டு மோனோவுக்குத்தான். 1987இல் முதன்முதலாக சி.டி.யாக வந்தபோதும் மோனோவில்தான் வெளியிட்டார்கள். ஸ்டீரியோ சி.டி. 2009இல்தான் வந்தது.

ஆனாலும் ரசிகர்கள் ஸ்டீரியோவை விடுவதில்லை, அதற்கும் நியாயம் உண்டு. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டின் ஸ்டீரியோ வடிவத்துக்கு மோனோவில் இல்லாத டேக்குகளை ஒட்டித் தைத்தார்கள். கடைசிச் சரணத்தில் லெனான் வரியைத் தப்பாகப் பாடிவிட்டு, அடுத்த அடியில் சிரிப்பை அடக்க முடியாமல் தொடருவது அதில் அப்படியே இருக்கிறது. 'லவ் மீ டூ'வின் கதை வேறு. அதன் இரண்டு தட நாடா மிஞ்சவில்லை, கையில் இருந்தது மோனோ மட்டும். அதையே ஒரு பக்கம் கீழ்ச்சுரங்களைத் தூக்கியும் மறுபக்கம் மேல்ச்சுரங்களைத் தூக்கியும் 'ஸ்டீரியோ' என்று பெயர் வைத்துத் தட்டில் சேர்த்தார்கள். போலி ஸ்டீரியோ. காது கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிடும்.

மோனோவிலிருந்து நிஜ ஸ்டீரியோ எடுக்கவே முடியாது என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். அரைத்த மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் யார் பிரிப்பது? 2021இல் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் பீட்டில்ஸ் ஆவணப்படத்துக்காக அவருடைய ஒலிக்குழு ஒரு வழி கண்டது. முதலில் ஒலியைப் படமாக வரைய வேண்டும்: இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி, சத்தம் கூடக்கூட வெளிச்சம் கூடும். அந்தப் படத்தில் டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் செங்குத்துக் கோடு, ஏனென்றால் ஒரு கணத்தில் எல்லாச் சுருதியும் சேர்ந்து வெடிக்கிறது. பேஸ் கிட்டார் படுக்கைக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பல், உச்சியில் மூட்டம். குரல் நெளிந்து நெளிந்து போகும் கோடு.

படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு நரம்பு வலைப்பின்னல் நிரல் தீர்ப்புச் சொல்லும். அதற்கு எப்படித் தெரியும்? பயிற்சிதான். தனித்தனியாகப் பதிந்த குரலையும் டிரம்ஸையும் நாமே கலந்து கொடுத்து "பிரி" என்கிறோம். கேள்வித்தாளும் நம்முடையது, விடைத்தாளும் நம்மிடம். தப்பு செய்யச் செய்யத் திருத்திக்கொண்டே போகும். பேஸும் டிரம்ஸும் ஒரே கட்டத்தில் விழும் இடங்களில் அதுவும் ஊகம்தான் செய்கிறது. ஊகம் பிசகினால் சிம்பல் தண்ணீருக்கு அடியில் அடிப்பது போல் ஒலிக்கும்.

இப்படிப் பிரித்துத்தான் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் 2023இல் '1962-1966' தொகுப்புக்காக இந்த ஆல்பத்தின் சில பாட்டுகளைப் புதிதாகக் கலந்தார். இப்போது குரல் நடுவில் நிற்கிறது, டிரம்ஸும் கிட்டாரும் தனித்தனி இடத்தில். 'லவ் மீ டூ'வுக்கும் அறுபது வருஷம் கழித்து நிஜ ஸ்டீரியோ கிடைத்தது.

நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் பழைய ஸ்டீரியோவில் வலது பக்கத்தை மட்டும் காதில் வைத்து, இடதைக் கழற்றிவிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். குரலுக்குப் பின்னால், மங்கலாக, ரிங்கோவின் டிரம்ஸ் கேட்கும். எல்லாரும் ஒரே அறையில் நின்று வாசித்ததால் பாடகர்களின் மைக்கில் கசிந்து வந்த சத்தம் அது. காற்றில் மிதந்து, சுவரில் மோதி வந்த சத்தம். அறை எவ்வளவு பெரிது, ரிங்கோ எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடக் காது ஊகிக்கப் பார்க்கும்.

போன வாரம் அதே தோழியோடு அதே பஸ். போன் செட்டிங்கில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் இரண்டு காதுக்கும் எல்லாமே வரும். போட்டுவிட்டுப் பெருமையாக நீட்டினேன். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். அப்புறம் என் கையிலிருந்து போனை வாங்கி அதை அணைத்துவிட்டு, வலது பக்கத்தை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள்.