செயில் கார்கோ: பாயும் பரமும்

டீசலை முழுதாக நம்பாமல், காற்றின் இழுப்பில் சரக்கு ஏற்றிப் போகும் தொழிலுக்கு இப்போது உலகெங்கும் வழங்கும் பெயர் 'செயில் கார்கோ'. தமிழில் எழுதுபவர்கள் ஒன்று அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் 'காற்றாற்றலால் இயங்கும் சரக்குக் கப்பல் போக்குவரத்து' என்று மூச்சு வாங்க வைக்கிறார்கள்.

முதலில் கார்கோ. ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொல். சுமை ஏற்றுவது என்பது அடிப்படைப் பொருள். இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'கார்ரஸ்', அதாவது வண்டி. 'கார்' என்று நாம் சொல்வதற்கும் அதுதான் மூலம். ஆக, கப்பல் சரக்கின் பெயர் நிலத்து வண்டியில் பிறந்தது. செயில் என்பது பழைய ஆங்கிலத்தில் 'செகல்'. வெட்டியெடுத்த துணி என்ற கருத்திலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள்.

தமிழில் துணி இல்லை, பாய். படுக்க விரிப்பதும் பாய், கப்பலில் விரிப்பதும் பாய். மலையாளத்திலும் அப்படியே. காற்றில் பாய்ந்து செல்வதால் பாய் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முடைந்த பாயையே கப்பலில் கட்டிய வழக்கம் உலகில் பல கடல்களில் இருந்தது என்பதால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அப்புறம், பாய்மரம் என்பது பாய் அல்ல. பாயைத் தாங்கும் கம்பம். 'பாய்மரத்தை விரித்தார்கள்' என்று எழுதுவது தவறு. விரிவது பாய், நிற்பது மரம்.

அந்தக் கம்பத்துக்குப் பழம்பெயர் கூம்பு. புறநானூற்றின் 30ஆம் பாட்டில், 'கூம்பொடு மீப்பாய் களையாது மிசைப் பரம் தோண்டாது' ஆற்றுமுகத்தில் நுழையும் பெருங்கலம் வருகிறது. பாயை இறக்கவில்லை, மேலே ஏற்றிய பாரத்தைக் குறைக்கவும் இல்லை; அவ்வளவு ஆழமான துறை என்பது பெருமை. மீப்பாய், பரம் என்று செயிலும் கார்கோவும் ஒரே அடியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன! 66ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேல். கடலில் நாவாய் ஓட்டி 'வளி தொழில் ஆண்ட' முன்னோரின் வழிவந்தவன் என்று கரிகாலனைச் சொல்கிறது. காற்றை வேலை வாங்கியவர்கள். இந்தத் தொழிலுக்கு இதைவிடச் சுருக்கமான வரையறை எனக்குத் தெரியாது.

இன்று காற்றை வேலை வாங்க வேண்டியிருப்பது பெருந்துறைகளில் அல்ல, கடைக்கோடித் தீவுகளில். தூரம் அதிகம், சரக்கு கொஞ்சம். எரிபொருள் செலவே வந்த வருமானத்தைத் தின்றுவிடும். அதனால் கப்பல் எப்போதாவதுதான் வரும். பசிபிக்கின் மார்ஷல் தீவுகளுக்காகத் தென்கொரியாவில் கட்டிய 'ஜூரென் ஆய்' என்ற 48 மீட்டர் கப்பல் 2024இல் வந்து சேர்ந்தது. பாய்தான் முதன்மை, இயந்திரம் துணை. அங்கே வெளித்தீவுகளில் புறநானூற்றுப் பெருமைக்கு நேர் எதிரான காட்சி: பல இடங்களில் கப்பல் தள்ளி நிற்க, கரையிலிருந்து சிறுபடகில் மூட்டை மூட்டையாகக் கொப்பரை வருகிறது, போகும் படகில் அரிசி இறங்குகிறது. அந்தக் கொப்பரையை ஆங்கிலத்தில் 'கோப்ரா' என்பதும் நம் பக்கத்துச் சொல்தான். மலையாளத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போனது.

சரி, எப்படி எழுதலாம்? கப்பலைச் சொல்லும்போது 'சரக்குப் பாய்க்கப்பல்', தொழிலைச் சொல்லும்போது 'பாய்வழிச் சரக்குப் போக்குவரத்து' என்பது என் தேர்வு. 'பாய்ச்சரக்கு' இன்னும் சுருக்கம்தான், ஆனால் பாய் விற்பவரின் சரக்கு என்று ஆகிவிடும். 'பரம்' அழகான சொல், இன்று கேட்டால் கடவுள்தான் நினைவுக்கு வருவார். சரக்குக்கும் வேறொரு புட்டிப் பொருள் உண்டு, இருந்தாலும் துறைமுகத்தில் யாரும் குழம்புவதில்லை.

ஒரு சிக்கல் மிச்சம். காற்றால் ஓடும் எல்லாக் கப்பலிலும் பாய் இருக்காது. 1924இல் ஜெர்மானியர் அன்டன் பிளெட்னர், சுழலும் இரண்டு உயரமான உருளைகளைக் கப்பலில் நிறுத்தி, அவற்றின் மேல் காற்று படும்போது பிறக்கும் விசையால் ஓட்டிக் காட்டினார். அதே உருளைகள் இப்போது பெரிய சரக்குக் கப்பல்களில் எரிபொருளை மிச்சம் பிடிக்க வருகின்றன. இவற்றைப் பாய்க்கப்பல் என்றால் பொய்யாகும். 'காற்றுத்துணைக் கப்பல்' என்பதே பொருத்தம்.

மார்ஷல் தீவுகளின் பழைய படகுகளுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவற்றின் பாய், தாழை ஓலையில் முடைந்தது. நம் கணக்கில் அது அசல் தாழம்பாய்.